மல்கோவாவுக்கு ஒரு பதில்

ஏற்காடு,
ஏப்ரல் 12

அன்புள்ள மல்கோவா,

அறுபது தாண்டியவளை இன்னும் அந்தப் பெயரால் கூப்பிடுகிறாயே என்று போன கடிதத்தில் கோபித்திருந்தாய். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள். அந்தப் பெயருக்கு இதில் வேலை இருக்கிறது.

நான் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. வந்த சில நாளில் ஒரு நல்ல மழை பெய்தது. மழை பெய்த ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஒவ்வொரு காபிச் செடியும் பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டு மூன்று நாள் கூத்துதான், பிறகு பழுப்பேறி உதிர்ந்துவிடும். இந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலைப் பற்றி எழுது என்கிறாய். உனக்கு எந்தக் காலத்தில் நேரம் பார்க்கத் தெரிந்தது!

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றேகால் பக்கம் அமெரிக்க வரலாறும் அரசும் பற்றிய அந்த 128 கேள்விகளைப் பற்றியே புலம்பியிருக்கிறாய். முதலில் அதை முடித்துவிடுகிறேன். நான் 2019-இல் போனபோது 100 கேள்விகள்தான். அதிலிருந்து பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அது 128 ஆகிவிட்டது. இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள், அது வேறு கதை. நீ நவம்பரில் விண்ணப்பித்ததால் உனக்குப் புதியதுதான். தமிழிலேயே பதில் சொல்லும் சலுகை, 50 வயதுக்கு மேல் ஆகி கிரீன் கார்டு வாங்கி 20 ஆண்டு ஆனவர்களுக்கும், 55 வயதுக்கு மேல் ஆகி 15 ஆண்டு ஆனவர்களுக்கும் உண்டு. உனக்கு வயது தாராளமாக இருக்கிறது, ஆண்டுதான் ஆறைத் தாண்டவில்லை.

பானிபட் போர் மூன்றுக்கும் ஆண்டை ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நீ. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், அரசியல் சாசனத் திருத்தங்கள் 27, உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் என்பதெல்லாம் உனக்கு ஒரு வாரத்து வேலை. ஆளுநர், செனட்டர் பெயர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அவற்றை மட்டும் கடைசி வாரத்தில் சரிபார்த்துக்கொள். ஒருவேளை தவறினாலும் அறுபது முதல் தொண்ணூறு நாளுக்குள் இன்னொரு முறை கூப்பிடுவார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

உன்னை இடறிவிடக்கூடியது வேறு. குடியுரிமைக்கு விண்ணப்பித்து நீ அனுப்பிய என்-400 படிவம் இருக்கிறதே, அதுதான். உன் மருமகன் கணினியில் தட்ட, நீ குழம்பைக் கிளறிக்கொண்டே "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பாய், எனக்குத் தெரியாதா? அதிகாரி அதைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்பார். ஆங்கிலம் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பதும் அந்தப் பேச்சிலேயே நடந்துவிடும். தாளில் இருப்பவளும் எதிரே உட்கார்ந்திருப்பவளும் ஒருத்திதானா என்பதுதான் அங்கே நடக்கும் விசாரணை. அதனால் அந்தப் படிவத்தை அச்செடுத்து, கேள்வித்தாளை விட அதிகமாகப் படி.

என் கதையைச் சொல்கிறேன். விமான நிலையம் போலச் சோதனை முடித்து, கைபேசியை அணைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் "எஃப்னு" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் தலைமுறையில் யாருக்கு அது இருந்தது? அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதானே. விசா அச்சிட்டவர்கள் என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிட்டார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அது சுருக்கமாம். கிரீன் கார்டிலும் அதுவே வந்தது, ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே. மருந்துக் கடைப் பையன் கூட "மிஸ் எஃப்னு" என்பான். பெற்றவர்கள் பாட்டி பெயரை வைத்து நாமகரணம் செய்தார்கள், நான் பெயர் தெரியாதவளாக ஏழு ஆண்டு நடமாடினேன்.

இதில் உனக்கு இரண்டு சேதி இருக்கிறது. இதுவரை புழங்கிய மற்றப் பெயர்களையும் படிவம் கேட்கிறது, பட்டப்பெயர் உட்பட. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், வங்கியில் இரண்டும் கலந்த பெயர் என்று மூன்றாக இருக்கிறாய் நீ. மூன்றும் அதில் ஏறியிருக்கிறதா பார். மல்கோவாவை எழுதுவது உன் விருப்பம். இரண்டாவது, பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள இதுவே நல்ல சந்தர்ப்பம். படிவத்தில் கேட்டிருந்தால் நேர்காணலில் ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவார்கள், பிறகு நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் உறுதிமொழி. மற்றவர்களை விட எனக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஏழு ஆண்டு எஃப்னுவாக இருந்தவளுக்கு இரண்டு மாதம் ஒரு பொருட்டா?

அறைக்குள் போனதும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே வலக்கையை உயர்த்தி, உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. முதல் கேள்விக்கே நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நம் ஊரில் அது சம்மதம். அவளுக்கு அது மறுப்பா மயக்கமா என்று புரியவில்லை. "வாயால் சொல்லுங்கள்" என்றாள். மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் ஏனோ தலை ஆடுவதில்லை. நீயும் வீட்டில் பழகிப் பார்.

பிறகு வரிசையாக "எப்போதாவது" கேள்விகள் வரும். எப்போதாவது அமெரிக்கக் குடிமகள் என்று சொல்லிக்கொண்டதுண்டா, வாக்காளராகப் பதிந்ததுண்டா, வரி கட்டாமல் விட்டதுண்டா. உரிமம் வாங்கப் போன இடத்தில் தெரியாமல் வாக்காளர் கட்டத்தில் குறியிட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் நினைவுபடுத்திப் பார். வார்த்தை புரியாவிட்டால் "புரியவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள்" என்று சொல்லலாம். அதற்கு மதிப்பெண் குறையாது. புரியாமல் சொல்கிற "எஸ்"தான் ஆபத்து.

கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்ற கேள்வி வந்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. பதினோரு வயதில் பள்ளிக்குப் பின்னால் இருந்த தோப்பில் நீ மரத்தில், நான் மதில் பக்கத்தில், பாவாடை நிறைய மல்கோவா. சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு பதைப்பு. "ஏதாவது இருக்கிறதா?" என்றாள் அவள். சொல்லிவிட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்து, "மாம்பழமா?" என்று கேட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போய்விட்டாள். உன் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை, பயப்படாதே. ஆனால் என்னைப் போல உளறவும் வேண்டாம்.

நீ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராகவோ ஏதாவது ஒரு வகையில் தொடர்புடையவராகவோ இருந்ததுண்டா என்று அதே பட்டியலில் கேட்பார்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு அது பழங்கதை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில் பிறந்த நமக்கு அப்படி இல்லை. உன் அப்பா ஆண்டுதோறும் அந்த நாளில் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு அம்மாப்பேட்டைத் தறிக்குப் போவார். மே தின ஊர்வலத்தில் நீ பத்து வயதில் அவர் தோளில் உட்கார்ந்து செங்கொடி பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். கேள்வி உன்னைப் பற்றியது, உன் அப்பாவைப் பற்றியது இல்லை. பதினாறு வயதுக்கு முன்னால் உறுப்பினராகவே இருந்திருந்தாலும் சட்டத்தில் விலக்கு உண்டு. நீ அது கூட இல்லை. என்றாலும் மனம் உறுத்தினால் போவதற்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடு. காபிப் பூவை முகர்ந்துகொண்டிருக்கும் என்னை மட்டும் நம்பிப் போகாதே.

பயணத் தேதிகளையும் பார். விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மாதம் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் கேள்வி எழும். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நான் இங்கே ஐந்து மாதம் இருபத்து மூன்று நாள் இருந்தேன். ஏன் அவ்வளவு நாள் என்று அந்த அதிகாரி கேட்டாள். "அம்மா" என்றேன், அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. உன் பாஸ்போர்ட் முத்திரைகளோடு படிவத்தை ஒத்துப் பார். ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். விண்ணப்பித்த பிறகு போய் வந்த பயணத்தையும் நீயாகவே சொல். காலாவதியான பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் போ.

வாசிப்பும் எழுத்தும் ஒன்றுமில்லை. மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். கண்ணாடிப் பலகையில் பேனா போன்ற ஒன்றால் எழுதச் சொன்னார்கள். என் எழுத்து கோழி கிளறியது போல வந்தது, அதுவும் தேறிவிட்டது. வாய்மொழித் தேர்வில் ஆறாவது சரியான பதில் மிசிசிப்பி. அதோடு நிறுத்திவிட்டாள். மீதி 94 விடைகளையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உறுதிமொழி நாளில் வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று, அந்நிய இளவரசர், அரசர், நாடு எதற்கும் இதுவரை வைத்திருந்த விசுவாசத்தை அடியோடு துறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எந்த அரசருக்கு நான் விசுவாசமாக இருந்தேன் என்று யோசித்தேன். இந்த மலையின் சாமி சேர்வராயன் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவரைத் துறப்பதாக நான் நினைக்கவில்லை. போன வாரம் மேலே போய் அவர் குகைக்குள் குனிந்து நின்று அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் இந்தியச் சட்டத்தில் இந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் நம் குடியுரிமை தானாகவே போய்விடும் என்கிறது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்ததற்கான சான்றிதழும் அமெரிக்க பாஸ்போர்ட்டும் வாங்கி, பிறகு வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடாதே. அதோடு, ஓ.சி.ஐ. அட்டைக்கு வாக்கு கிடையாது. தேர்தல் நாளில் அண்ணனும் அண்ணியும் விரலில் மையோடு திரும்புவார்கள், நான் வீட்டில் காபி கலந்துவைத்திருப்பேன். எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு ஏக்கர் விற்கிறார். ஆசையாக இருக்கிறது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்கள் விவசாய நிலமோ காபித் தோட்டமோ வாங்க முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் அதே விதிதான், எனவே பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டிருந்தாலும் நடந்திருக்காது. அண்ணன் பெயரில் வாங்கிவிடலாம் என்று தரகர் காதில் ஓதினார். அனுப்பிவிட்டேன். பரம்பரையாக வரும் சொத்துக்குத் தடையில்லை என்பதால் உங்கள் ஓமலூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நாளை அண்ணன் சேலம் இறங்குகிறார். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நேர்காணல் முடிந்த அன்றே எழுது. கூடத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை முதல் வரியில் எழுது.

உன்
எஃப்னு