மாடிக்குக் குடிவந்தாச்சு, இனி நன்றி சொல்லும் படலம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் டிசைன் ஸ்டுடியோ ஒருவழியாக சொந்தப் பெயர்ப்பலகையோடு ஒரு இடத்துக்குக் குடிவந்துவிட்டது. ராயக்கோட்டை சாலைப் பக்கம், கீழே மாங்காய் மண்டி, மேலே நாங்கள். வந்த சூட்டோடு சூடாக, சுற்றுவட்டாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களை எல்லாம் கூப்பிட்டு மண்டி முற்றத்திலேயே இரண்டு நாள் கண்காட்சியும் போட்டோம், நீங்களும் குடும்பத்தோடு வந்து கொண்டுவந்த சரக்கில் பாதிக்கு மேல் காலி பண்ணிவிட்டுப் போனீர்கள். இதெல்லாம் நடக்கக் காரணமானவர்களுக்கு மைக்கில் நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தோம், ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு லாரி லோடு இறங்க வந்து நின்றது. அதனால் எழுத்தில்.

யாருடைய பெயரும் இதில் இருக்காது. கேட்டுப் பார்த்தோம். "பேரைப் போட்டா நாளைக்கு ஊரே ஓசியில வேலை கேட்டு வந்து நிக்கும்"னு அச்சக அண்ணன் சொல்ல, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, படித்தால் யார் யார் என்று தெரிந்துவிடும், நம் ஊர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் பெங்களூரில் விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். 90 கிலோமீட்டர்தான், வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறினால் தூங்குவதற்குள் ஊர் வந்துவிடும். அங்கே கற்றுக்கொண்டது கணினித் திரையில் அழகாக வரைவது. அது பாக்கெட்டாகி, கடைக்குப் போய், ஒருத்தர் ஈரக்கையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்து, காசு கொடுத்து வாங்குகிற வரைக்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். நன்றி முக்கியமாக அதற்குத்தான்.

முதலில் பென்னாகரம் பக்கத்து சாமை அக்கா. எங்களுடைய முதல் வாடிக்கையாளர், பாதிப் பணத்தை முன்பணமாகக் கையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாமை, வரகு, ராகி மாவு மூன்றுக்கும் லேபிள் வேண்டும். டிசைனைக் காட்டியதும் மலையையும் கதிரையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எடை எங்க கண்ணு? விலை எங்க?" இரண்டும் கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும், முன்பக்கம் ஒரு ஜன்னல் விட வேண்டும், ஏனென்றால் உமி நீக்கிவிட்டால் சாமைக்கும் வரகுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிக்கிறவர்கள் நிறைய, பழகியவர்களோ உள்ளே இருப்பதைப் பார்க்காமல் தொடமாட்டார்கள். அப்புறம் தேதி. தவிடு போகாத சாமையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும், எனவே தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் ஒழுங்காக விழ வேண்டும். ஆனால் வீட்டில் ரப்பர் முத்திரை வைத்துத் தேதி அடிக்கிறவர்களுக்குப் பளபளப்பான தாளில் மை காயாது, இழுவிக்கொண்டு போகும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் பளபளப்பு இல்லாமல் விடச் சொன்னது அக்காதான். இன்றைக்கு எங்களிடம் வருகிற ஒவ்வொரு லேபிளிலும் அந்தக் கட்டம் இருக்கிறது.

'ஆர்கானிக்' என்று போடலாமா என்று நாங்கள் கேட்டதற்கு, "எங்க நிலத்துல மருந்து அடிக்கிறதில்ல, ஆனா சான்று வாங்காம அந்த வார்த்தை வேண்டாம்" என்று அவரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அங்கக வேளாண்மைக்கு, சான்று நிறுவனம் வந்து சோதித்துத் தரும் என்.பி.ஓ.பி. சான்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் பி.ஜி.எஸ். சான்று என்று இரண்டு வழி இருக்கிறது, 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறை இந்த இரண்டையும் ஏற்கிறது. அக்கா இப்போது ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டாவது வழியில் போய்க்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் லேபிள் மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு, காசு கிடையாது, எழுதியே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

அடுத்தது அச்சக அண்ணன். இவரைப் பற்றி எழுத ஒரு மடல் போதாது.

யூனிகோடில் அடித்த தமிழை அவருடைய பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் போகும். அவர் கடையில் இருக்கிற எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, ஸ்ரீலிபி காலத்தவை. வேறு யாராவது இருந்தால் "ஃபைல் சரியில்ல தம்பி, சிவகாசிக்கே அனுப்பிக்கோ" என்று விரட்டியிருப்பார்கள். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கர்வ் பண்ணி அனுப்பச் சொன்னார், அதாவது எழுத்தை எழுத்தாக இல்லாமல் வரைந்த கோடாக மாற்றிவிடுவது. அதோடு ஒரு எச்சரிக்கை: கர்வ் பண்ணுவதற்கு முன்னால் வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கிற ஒருத்தரிடம் கொடுத்துப் படிக்க வை, பண்ணிய பிறகு ஒரு ஒற்றைக்கூட நுழைக்க முடியாது. நான்கு நிறமும் கலந்த கருப்பில் பொடி எழுத்தைப் போடாதே, பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்குப் பின்னால் நிழல் அடிக்கும், தனிக் கருப்பில் போடு என்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு, அவருக்கு வரவேண்டிய காசை அவரே தடுத்தது. கண்காட்சியில் கடை போட்ட புளி வியாபாரத் தம்பிக்கு, பெரிய கம்பெனிகள் மாதிரி கவர் முழுக்கப் பிரிண்ட் போட்ட பாக்கெட் வேண்டும் என்று ஆசை. அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கவர் கிராவூர் முறையில் அடிப்பது, ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர் (அச்சு உருளை), ஆறு கலர் என்றால் ஆறு சிலிண்டர், அந்தக் காசு தனி. அதற்குமேல் ஃபிலிம் ஆர்டரே கிலோக் கணக்கில்தான் எடுப்பார்கள். மாதம் சில நூறு பாக்கெட் விற்கிறவர் அதை வாங்கிவைத்தால் கவர் தீர்வதற்குள் விலை மாறும், விலாசம் மாறும், சமயத்தில் தொழிலே மாறும். நிற்கிற மாதிரி வெற்றுக் கவரை வாங்கு, மேலே ஸ்டிக்கர் ஒட்டு, எல்லா ரகத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய ஸ்டிக்கர், ரகத்தின் பெயருக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கர், அவ்வளவுதான் என்றார். புளி கசிந்து காகித ஸ்டிக்கரை ஊறவைக்கும் என்பதால் பிளாஸ்டிக் தாளில் அடித்துக் கொடுத்தார். இந்த வட்டாரத்தில் புதிதாக உணவுப்பொருள் விற்க வருகிற யாருக்கும் இப்போது நாங்கள் சொல்கிற முதல் யோசனை இதுதான், டிசைன் செலவைவிட இதில் மிச்சமாகிற காசு அதிகம்.

சந்தூர் பக்கத்து மாம்பழத் தம்பிகள் இரண்டு பேருக்கும் தனியாக ஒரு நன்றி. நம் மாவட்டத்து மாங்காய் என்றால் பெங்களூரா ரகம் கூழ் ஆலைக்குப் போகும், ஆலைக்காரர்கள் சொல்வதுதான் விலை, காய்ப்பு கூடின வருடம் பறிப்புக் கூலிகூடத் தேறாது. அதை மாற்ற முடியாது, ஆனால் சாப்பிடுகிற ரகங்களையாவது நேராக விற்போம் என்று அல்போன்சாவும் செந்தூராவும் பெட்டி போட்டுப் பெங்களூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பத் தொடங்கியவர்கள் இவர்கள். பெட்டி வடிவமைக்க எங்களைக் கூப்பிட்டார்கள், ஆனால் உட்காரவைத்துப் பேசவில்லை, நேராகத் தோப்புக்கும் அங்கிருந்து லோடு ஏற்றுகிற இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். அடுக்கி வைத்தால் அடிப்பெட்டி நசுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஐந்து பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை எதற்கு என்று புரிந்தது, காற்றோட்டத் துளையை மூலைக்குப் பக்கத்தில் போட்டால் பெட்டி பலமிழக்கும் என்பதும்.

கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்தலாம், இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. தம்பிகள் அதுவும் இல்லாமல் வைக்கோலோடு செங்காயாக அனுப்புகிறார்கள். பிரித்துப் பார்த்த மறுநிமிடம் "பழுக்கவே இல்லையே" என்று போன் வரும். அதனால் மூடியின் உட்பக்கம் முழுக்க, வந்ததும் பெட்டியைத் திறந்து வையுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், காம்பு பக்கம் மணம் வந்த பிறகு வெட்டுங்கள் என்று அச்சடிக்கலாம் என்றார்கள். நல்ல விளம்பர வாசகம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிற எங்களில் யாருக்கும் தோன்றாத யோசனை. புகார் போன்கள் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள், எங்களுக்கு வந்த கூலியில் பாதி மாம்பழமாகவே வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம், அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

பெங்களூருக்குச் சரக்கு போனால் கன்னடம் வேண்டும், குப்பம் பக்கம் போனால் தெலுங்கு. உணவுப்பொருள் லேபிளில் சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தாக வேண்டும், மற்றது நம் விருப்பம், எல்லாவற்றையும் ஒரு உள்ளங்கை அளவில் திணிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு கன்னடம் திருத்திக் கொடுக்கிற ஓசூர் டீச்சரம்மாவுக்கும், தெலுங்கைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும், கண்காட்சி நோட்டீஸை உருதுவில் எழுதிக் கொடுத்த பழையபேட்டை பாய்க்கும் நன்றி. பாட்டி கூலியாகக் கேட்டது சீரியல் நேரத்தில் சத்தம் போடாமல் இருப்பதை. முயற்சி செய்கிறோம் பாட்டி.

பணம் சம்பந்தமான நன்றி இரண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் ஓய்வுபெறப் போகிற ஒரு சார், நாங்கள் கடன் திட்டம் விசாரிக்கப் போன அன்றைக்குக் கடனைப் பற்றிப் பேசாமல் முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். அதற்குக் கட்டணமே கிடையாது, இணையத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம், வெளியில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதைப் பதிவு செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கே உட்கார்ந்து போட்டோம். அதன் அருமை பிறகுதான் தெரிந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் 'அடுத்த வாரம்' சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஆடிட்டர் அம்மா 2006-ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதை இரண்டு பத்தி மின்னஞ்சலாக அவரே எழுதிக் கொடுத்தார், வழக்குக்கெல்லாம் போகவில்லை, அசல் வந்துவிட்டது. அந்தப் பணம்தான் இந்த மாடிக்கு அட்வான்ஸ். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் இது உதவும், ஆகவே தள்ளிப்போடுகிறவர்கள் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

மண்டி அண்ணாச்சி வாடகையைக் குறைத்தார் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் சீசன் முடிந்திருந்ததால் முற்றத்தை இரண்டு நாளும் சும்மா கொடுத்தார், தராசு கொடுத்தார், கரண்ட் போனபோது ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு டீசலுக்குக் காசு வாங்க மறுத்தார். தர்மபுரியிலிருந்து வந்து கடை போட்டவர்களுக்குச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. மாவட்டம் 2004-இல் பிரிந்துவிட்டது, அண்ணாச்சி கணக்கில் இன்னும் பிரியவில்லை.

பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு நாளும் வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்களில் இருவர் இப்போது எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள், உதவித்தொகை உண்டு. டீக்கடை மாஸ்டருக்கு, பாக்கிக்கும் சேர்த்து நன்றி. வீட்டில் இருப்பவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டோம், நம்பவில்லை.

இனி நடக்கப்போவது. மாடியின் முன்னறையில் ஒரு நீள மேசையும் இணையமும் இருக்கின்றன, தனியாக ஆபீஸ் எடுக்க முடியாமல் தொழில் செய்கிறவர்கள் பகலில் வந்து உட்காரலாம். பின்னறையில் விளக்கும் வெள்ளைத் திரையும் வைத்திருக்கிறோம், பொருளைக் கொண்டுவந்து நீங்களே போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், கேட்டால் காட்டிக்கொடுப்போம். மாதாந்திரச் சந்திப்பு வழக்கம்போல முதல் ஞாயிறு காலையில், டீ எங்கள் செலவு. மகளிர் குழுக்களின் முதல் லேபிளுக்கு அச்சுக் கூலி மட்டும் போதும். சீசன் தொடங்கிவிட்டால் கீழே லாரி நிற்கும், வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

கடைசியாக ஒன்று. கண்காட்சி முடிந்து கூட்டிப் பெருக்கியபோது ஒரு நீலக் குடை, இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு, யாரோ மூட்டை கட்டி மறந்த அரைப் படி கொள்ளு ஆகியவை கிடைத்தன. மாடியில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், கொள்ளை மட்டும் சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டால் நல்லது, மண்டியிலிருந்து எலி ஏறி வருகிறது.

அன்புடன்,
மாடியில் இருக்கும் ஐந்து பேர்,
கிருஷ்ணகிரி