ரோமானியச் செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமானிய நாணயம் என்றாலே அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும்தான் செய்தியாகின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகையிலும் கிடைத்துவந்துள்ள 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள் சேகரிப்போர் கைகளில் என்ன பாடுபடுகின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை.

இவற்றில் பல ஓரிரு கிராம் எடைகூடத் தேறாதவை. கி.பி. 348ஆம் ஆண்டையொட்டி அறிமுகமான, ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் காசு ஒன்றை எடுத்துக்கொண்டால், பின்புறத்தில் குதிரையோடு சரியும் பகைவனை வீரன் ஒருவன் ஈட்டியால் குத்துகிறான். அவன் காலடியில், கோட்டுக்குக் கீழே, அது அந்தியோக்கியாவில் அச்சானதா அலெக்சாந்திரியாவிலா என்று சொல்லும் நாணயச்சாலைக் குறி மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். தேய்ந்த காசில் இந்த எழுத்துகள் பெரும்பாலும் பச்சைக் களிம்புப் படலத்தில்தான் எஞ்சியிருக்கின்றன. புளியும் உப்பும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் தேய்த்தால், காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். பளபளப்பான காசுக்குக் கூடுதல் விலை கேட்கும் வியாபாரிகளும், அதைக் கொடுத்து வாங்கும் நம்மவர்களும் இருப்பதுதான் வேடிக்கை.

எல்லாப் பச்சையும் நல்லதல்ல என்பதும் உண்மை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால், அது குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் 'வெண்கல நோய்'. அத்தகைய காசைத் தனியே பிரித்து, வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பலமுறை ஊறவைத்து, நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளை அறவே தவிர்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய இழப்பு, கிடைத்த இடம் மறக்கப்படுவது. பொன்னும் வெள்ளியும் எந்த நாட்டிலும் எடைக்கு விலைபோகும். பேரரசின் சந்தையில் சில்லறையாகப் புழங்கிய செப்புக் காசு கடல் கடந்து ஏன் வந்தது, இங்கும் இலங்கையிலும் அது சில்லறையாகவே புழங்கியதா என்ற கேள்விகளுக்கு, எந்த இடத்தில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பதே சான்று. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ரோமானியக் காசுகளுக்கு மதிப்புத் தருவதும் அதுதான். இன்று பால்கன் நாடுகளிலிருந்து மொத்தமாக விற்பனைக்கு வரும் இதே வகைக் காசுகளோடு ஆற்றுக் காசு ஒருமுறை கலந்துவிட்டால், பிறகு பிரித்தறிவது மிகவும் கடினம்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஆனால், பறிபோய்விடும் என்ற அச்சத்தில் பலர் வாயே திறப்பதில்லை. ஆகவே, கரூர் அரசு அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு நாளாவது, பழைய சேகரிப்புகளைக் கொண்டுவருவோரின் காசுகளை எடைபோட்டு, படமெடுத்து, கிடைத்த இடத்துடன் பதிவுசெய்து உரியவரிடமே திருப்பித் தரச் சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடு ஒன்றை அரசு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர்,
கரூர்.