ஒரே அட்டை, இரண்டு பங்காளிகள்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. புதுக் கணினி வந்திறங்கியதில் சந்தோஷம். அதிலிருக்கும் ஒரே ஜிஃபோர்ஸ் கிராபிக்ஸ் அட்டையை நீயும் பயன்படுத்தி, பையனுக்கென்று போடும் மெய்நிகர் கணினிக்கும் (விஎம், கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி) கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் இந்த விஷயத்தில் பகிர்வு என்று சொல்லப்படுவதில் பாதி, தாரை வார்ப்பதுதான்.

லினக்ஸ்காரர்களின் பாஸ்த்ரூ அந்த ரகம். விஎஃப்ஐஓ என்ற டிரைவர் அட்டையைப் பிடித்து விஎம்மிடம் முழுசாக ஒப்படைத்துவிடும். விஎம் ஓடும்வரை உன் திரைக்கு பிராசசரில் உள்ள கிராபிக்ஸ்தான் கதி. போதாக்குறைக்கு, அட்டை இருக்கும் ஐஓஎம்எம்யூ குழுவில் (பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கட்டிய சாதனங்களின் தொகுப்பு) யுஎஸ்பி, சாட்டா கன்ட்ரோலர்களும் சேர்ந்து கிடந்தால், அவற்றையும் மூலக் கணினியிடமிருந்து பிடுங்கியாக வேண்டும். ஒரே அட்டை வைத்திருக்கும் உனக்கு இந்த வம்பு வேண்டாம்.

உன்னிடம் இருப்பது விண்டோஸ் 11 புரோ என்பதால், அதிலேயே உள்ள மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி போதும். அதன் ஜிபியூ பார்ட்டிஷன் வசதியில் இருவரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தொடலாம். மெனுவில் தேடாதே, எல்லாம் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லில்தான். முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்கு. இரண்டாம் தலைமுறை விஎம் ஒன்று உருவாக்கி, உன் கணினியில் உள்ள அதே விண்டோஸ் பதிப்பைப் போடு. தானியங்கி செக்பாயின்ட்டை (விஎம்மின் நிலையைத் தானே பதிந்து வைப்பது) அணை. நிறுத்தும்போது 'சேவ்' ஆகாமல் 'டர்ன் ஆஃப்' ஆகும்படி மாற்று, அட்டை ஒட்டிய விஎம்மை உறைநிலையில் சேமிக்க முடியாது. பிறகு விஎம் அணைந்திருக்கும்போது ஆட்-விஎம்ஜிபியூபார்ட்டிஷன்அடாப்டர் கட்டளை. கூடவே செட்-விஎம் கட்டளையில் மெமரி மேப்டு இடத்தை (அட்டையோடு பேச ஒதுக்கும் முகவரி இடம்) கீழே 1 ஜிபி, மேலே 32 ஜிபி என்று வை.

எல்லாரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். விஎம்முக்குள் என்விடியா இன்ஸ்டாலரை ஓட்டக் கூடாது. உன் கணினியின் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி என்ற கோப்புறை இருக்கும். அங்கே 'என்வி_டிஸ்ப்' என்று தொடங்கும் கோப்புறையை அப்படியே எடுத்து, விஎம்மின் சிஸ்டம்32-இல் ஹோஸ்ட்டிரைவர்ஸ்டோர் என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள்ளும் ஒரு ஃபைல்ரெபாசிட்டரி போட்டு வைக்க வேண்டும். பழைய டிரைவரின் கோப்புறையும் பக்கத்திலேயே கிடக்கும். எது நடப்பு என்பதை டிவைஸ் மேனேஜரின் டிரைவர் விவரத்தில் உள்ள பாதையைப் பார்த்து உறுதி செய்துகொள். தவறானதை நகலெடுத்தால் விஎம்மில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'-ம் வந்து நிற்கும். நீ டிரைவரை அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்த நகலைத் திரும்ப எடுக்க வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்கட்டும்.

அடாப்டர் கட்டளையில் விரேமுக்கு (அட்டையின் சொந்த நினைவகம்) எண்கள் கொடுக்கலாம். ஆனால் வீட்டு அட்டையில் அவற்றை வேலி என்று நம்பாதே. 8 ஜிபி அட்டையில் நீ 3டி மென்பொருளான பிளெண்டரில் பெரிய காட்சியை ரெண்டர் போட, அவன் உள்ளே விளையாட்டைத் திறந்தால் இருவருக்குமே திணறும். ஹைப்பர்-வி ஜன்னலில் விளையாட்டு சரிப்படாது. விஎம்முக்குள் ஒரு மெய்நிகர் திரை டிரைவரும், திரையை அனுப்பும் சன்ஷைனும் போட்டு, வெளியே அதை வாங்கிக் காட்டும் மூன்லைட்டில் பார்.

பையனுக்குத் தேவை பைட்டார்ச் (செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதும் நூலகம்) மட்டும் என்றால் இத்தனையும் வீண். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக் கொடு. விண்டோஸ் டிரைவரே உள்ளே தெரியும், என்விடியா அட்டையில் கணக்குப் போடும் குடாவும் ஓடும். அங்கே லினக்ஸுக்கான என்விடியா டிரைவரை மட்டும் நிறுவவிடாதே, ஓடிக்கொண்டிருப்பதும் கெட்டுவிடும்.

கெட்-விஎம்ஹோஸ்ட்பார்ட்டிஷனபிள்ஜிபியூ என்று அடித்தால் உன் அட்டை பட்டியலில் வருகிறதா, அதை முதலில் பார்த்து எழுது. வராவிட்டால் மற்ற எதிலும் கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்