பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநோய்க்கான மாத்திரைகளைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களின் அறியாமைதான் காரணம் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். மனநல மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். இதை ஏற்க மனம் வரவில்லை. மனநோய் மாத்திரை மேல் மக்களுக்கு இருக்கும் பயமே காரணம்; அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் முழு நியாயம் இருந்தது.

1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்க்கும்வரை, இத்தகைய மருந்தகங்களின் அலமாரியில் பெரும்பாலும் இருந்தவை ஆளை அடக்கித் தூங்க வைக்கும் சரக்குகளே. உதாரணத்துக்குப் பொட்டாசியம் புரோமைடு கலவை ஒன்று போதும். உள்ளே போன புரோமைடில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 12 நாள் ஆகும். தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தள்ளாட்டம், நாக்குழறல், தோலில் கொப்புளம், கடைசியில் புத்தித் தடுமாற்றம். நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தின் அளவைக் கூட்டிய கொடுமையும் நடந்திருக்கிறது.

1882-இல் மருத்துவத்துக்கு வந்த பாரால்டிஹைடு என்ற தூக்க மருந்தை நானே கையாண்டிருக்கிறேன். மூடியைத் திறந்தாலே நெடி மூக்கைத் துளைக்கும். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதால் கண்ணாடி சிரிஞ்சில்தான் ஏற்ற வேண்டும். மருந்தில் ஒரு பங்கு மூச்சு வழியாகவே வெளியேறும். நோயாளி மூச்சு விட்டாலும் அதே நெடிதான். எழுப்பினாலும் எழாமல் கிடக்கும் மகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தாய், அக்கம்பக்கத்தில் வேறு என்ன சொல்லியிருப்பாள்?

இப்போது அஸ்தம்பட்டியில் உறவினரின் மருந்துக் கடையில் மாலைநேரங்களில் உட்காருகிறேன். ஏற்காட்டிலிருந்து மகனுக்கு மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா, "இதுவும் தூக்க மாத்திரைதானே ஐயா? எங்கள் பெரிய மாமனாரைத் தூங்க வைத்தே படுக்கையில் போட்டுவிட்டார்கள்" என்றார். சீட்டில் இருந்தது லித்தியம். மனம் அளவுமீறிப் பொங்குவதையும் அடியோடு சோர்வதையும் மட்டுப்படுத்துவது. தூக்க மருந்தே அல்ல. தாகம் எடுக்கும், கை நடுங்கலாம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். இதை யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை!

அரசு மருத்துவமனைகளில் வரிசை நீளம் என்பதை அறிவேன். ஆனாலும் மாத்திரை கொடுக்கும் ஜன்னலில், உங்கள் வீட்டில் முன்பு யாராவது இப்படி மருந்து சாப்பிட்டார்களா, என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அறியாமை என்று எழுதிய உங்கள் மலரே, பழைய மருந்து என்ன செய்தது, இன்றைய மருந்து என்ன செய்கிறது என்பதையும் வாரம் ஒரு மருந்தாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.