சார்ஜென்ட் அவென்யூவிலிருந்து அப்பாவுக்கு

வின்னிபெக்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? குளிர் நாளில் தைலம் தேய்த்துவிட்டு உடனே தண்ணீரில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே இன்று காலை மைனஸ் முப்பதுக்கும் கீழே. ஜன்னலின் உள்பக்கமே உறைந்து, பூக்கோலம் போட்டதுபோல் இருக்கிறது.

போன வாரம் போனில் சித்தப்பா கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். "உங்க ஊர்ல ஐஸ்லாந்துக்காரங்க வக்கீல், டாக்டர்னு இருக்காங்கன்னு சொல்ற. ஆப்கான்காரங்க மட்டும் ஏன் இன்னும் கவர்மென்ட் காசுல, குடோன் வேலைல இருக்காங்க? அது அந்தந்த ஜனங்க குணம்மா" என்றார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த நீங்கள் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கே எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு பக்கத்தையும் நான் தினமும் பார்க்கிறேன். முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஐஸ்லாந்து வம்சம், தொண்ணூற்றைந்து வயது. நான் குடியிருக்கும் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு ஆப்கான் குடும்பம்.

பாட்டியைப் பற்றி முதலில் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கதவைத் திறந்துகொண்டு ஒரு வாலிபன் "அம்மா!" என்று கூப்பிட்டபடி உள்ளே வந்தான். நான் சட்டென்று திரும்பிவிட்டேன். வெள்ளைக்காரப் பையன் வாயில் நம் சொல்! அவர்கள் மொழியில் 'அம்மா' என்றால் பாட்டி. நான்கைந்து தலைமுறை தாண்டி, ஐஸ்லாந்து மொழி பேச வராத பேரப்பிள்ளைகள்கூட இந்த ஒரு சொல்லை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் 'வீனார்டெர்ட்டா' என்று அடுக்கடுக்காக ஒரு கேக் செய்து கொண்டுவந்தார்கள். நடுநடுவே உலர்ந்த பிளம் பழத்தை அரைத்துப் பூசியிருந்தது. வாயில் வைத்ததும் ஏலக்காய் மணம். அம்மாவின் சமையலறை ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தப் பேரன் வக்கீல். பாட்டியின் மகள் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கிம்லி என்ற ஏரிக்கரை ஊரில் கோடைக்கு ஒரு வீடு, படகு எல்லாம் உண்டு. கனடாவில் தங்களை ஐஸ்லாந்து வம்சம் என்று சொல்லிக்கொள்பவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். மானிடோபா மாகாணத்தில்தான் அவர்கள் அதிகம். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்து மொழிக்கு 1951லிருந்து தனித்துறை இருக்கிறது. சட்டமன்ற வளாகத்தில் அவர்களுடைய சுதந்திரத் தலைவர் யோன் சிகுர்ட்சனுக்குச் சிலை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கிம்லியில் திருவிழா. சித்தப்பா பார்ப்பது இதைத்தான். முகப்பைப் பார்க்கிறார், அஸ்திவாரம் போட்ட காலத்தைப் பார்க்கவில்லை.

பாட்டி தூக்கம் வராத இரவுகளில் தன் 'அம்மா'வின், அதாவது தன் பாட்டியின் கதையைச் சொல்வார். 1875ல் ஐஸ்லாந்தில் அஸ்க்யா எரிமலை வெடித்து, கிழக்குப் பக்கத்து மேய்ச்சல் நிலமெல்லாம் சாம்பல் மூடியது. அதற்கு முன்பிருந்தே பஞ்சமும் நிலமின்மையும் இருந்தன. 1870 முதல் 1914 வரை சுமார் 15,000 பேர் அந்த நாட்டை விட்டுக் கப்பல் ஏறினார்கள். மொத்த ஜனத்தொகையே அன்று முக்கால் லட்சம்தான் அப்பா! ஐந்தில் ஒருவர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1875 அக்டோபர் 21 அன்று இருநூற்றுச் சொச்சம் பேர் வின்னிபெக் ஏரியின் மேற்குக்கரையில் இறங்கினார்கள். விதைக்கக் காலமில்லை, மாட்டுக்கு வைக்கோல் அறுக்கவும் காலமில்லை. கடலில் மீன் பிடித்தவர்கள்தான், ஆனால் உறைந்த ஏரியைத் துளையிட்டு வலை இறக்கத் தெரியாது. அரசாங்கம் கடன் கொடுத்துத்தான் அந்தக் குளிரைத் தாண்ட வைத்தது. சித்தப்பா இந்த வரியைக் கவனிக்க வேண்டும். 'கவர்மென்ட் காசு' அன்றும் இருந்தது.

அடுத்த வருஷம் பெரிய கூட்டமாக இன்னும் ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். பாட்டியின் அந்த 'அம்மா' எட்டு வயதுக் குழந்தையாக அதில் வந்தவர். அந்த இலையுதிர் காலத்திலேயே பெரியம்மை. நூறு பேர் அளவில் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அவர் தம்பி இரண்டு பேரும் அதில் போனார்கள். நிலம் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியாமல் வசந்தம் வரை பெட்டியைக் கூரைமேல் வைத்திருந்தார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். பல மாதம் அந்தக் குடியிருப்பையே அடைத்துவைத்தார்கள். நெட்லி ஓடைக்கு இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று காவல். 1877 ஜூலையில்தான் தடை நீங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவர்களுக்கென்று அரசு ஒதுக்கிய 36 மைல் கரை காலி நிலம் இல்லை. சாண்டி பார் என்ற இடத்தில் பூர்வகுடிகள் வீடு கட்டி, தோட்டம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதே பெரியம்மை அவர்களையும் தாக்கி ஊரே கிட்டத்தட்ட அழிந்துபோனது. ஐஸ்லாந்துக்காரர் ஏறிய ஏணியின் முதல் படி அந்த நிலம். பாட்டியே ஒருநாள் இதைச் சொன்னார். "எங்களுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லியே வளர்த்தார்கள். யாருடையதைக் கொடுத்தார்கள் என்று எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் தெரிந்தது" என்றார்.

1880ல் வெள்ளம் வந்து வயலெல்லாம் ஏரியாகிவிட, பாதிப்பேருக்கு மேல் அந்தக் கரையை விட்டுக் கிளம்பினார்கள். பாட்டியின் குடும்பம் வின்னிபெக் வந்தது. ஆற்றோரச் சதுப்பில் பலகைக் குடிசை. ஆண்கள் சாக்கடைக்குக் குழி தோண்டினார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குப் போனார்கள். அந்த எட்டு வயதுக் குழந்தை பதின்மூன்றில் ஒரு ஆங்கிலேயர் வீட்டில் வேலைக்காரி. ஆங்கிலம் அங்கே திட்டு வாங்கியே கற்றதாம்.

ஊரார் இவர்களை 'கூலி' என்று கேலி செய்தார்கள் அப்பா. அது அவர்களுக்கென்றே வைத்த பட்டப்பெயர், நம் சொல்லோடு உறவு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பாட்டி வாயிலிருந்து அதை முதல்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐஸ்லாந்துப் பையன்கள் ஃபால்கன்ஸ் என்று ஐஸ் ஹாக்கி அணி வைத்தபோது நகரத்தின் பெரிய லீக்கில் அவர்களைச் சேர்க்கவில்லை. அதே அணிதான் 1920ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. கரையில் இறங்கி 45 வருஷம் கழித்து! அதன் பிறகுதான் ஊர் இவர்களைத் தன் பிள்ளைகள் என்றது.

இனி என் தெருவுக்கு வருகிறேன். சார்ஜென்ட் அவென்யூவுக்கு ஒருகாலத்தில் 'ஐஸ்லாந்துக்காரர் மெயின் ரோடு' என்றே பெயர். கடை, அச்சகம், சர்ச் எல்லாம் அவர்களுடையது. இன்றைக்கு அந்த லூதரன் சர்ச் மட்டும் விக்டர் தெருவில் இருக்கிறது. சுற்றிலும் பிலிப்பினோ, எத்தியோப்பியக் கடைகள், நானும் ஆப்கான் குடும்பமும். புதிதாக வந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை அன்றும் இங்கேதான், இன்றும் இங்கேதான்.

அந்த ஆப்கான் வீட்டு அண்ணன் காபூலில் மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். 2021 ஆகஸ்ட் 15ல் காபூல் தாலிபான் கையில் விழுந்தது. அவர் தம்பி கனடா ராணுவத்துக்கு மொழிபெயர்த்தவர், அதனால் வீட்டுக்கே ஆபத்து. பாகிஸ்தானுக்குத் தப்பி, இஸ்லாமாபாத்தில் ஒரே அறையில் ஒரு வருஷத்துக்குமேல் காத்திருந்து 2022 கடைசியில் வந்தார்கள். கனடா 40,000 ஆப்கானியரை ஏற்பதாகச் சொல்லி, 2023ல் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. அதாவது பெரும்பாலோர் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. 1875ல் வந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் இப்போது 1878ல் நிற்கிறார்கள். சித்தப்பா 1878ஐ 2025ஓடு ஒப்பிடுகிறார்.

அரசு மாத உதவி ஒரு வருஷத்துக்குத்தான். அதற்குள் ஆங்கிலம் கற்று, வேலை தேடி, குளிருக்குத் துணி வாங்கி, வாடகை கட்டிப் பழக வேண்டும். அண்ணன் வாத்தியார் வேலைக்கு முயன்றார். பட்டச் சான்றிதழை அவர் படித்த பல்கலைக்கழகமே உறையில் முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். தாலிபான் கையில் இருக்கும் அலுவலகத்துக்கு, ஓடிவந்த மனிதர் எப்படிக் கடிதம் எழுதுவார்? இப்போது ஒரு குடோனில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் எதிர்ப்பக்க பஸ்ஸிலிருந்து இறங்குவார். இருவரும் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லிக்கொள்வோம்.

எனக்கு அவர் நிலை புரியும் அப்பா. பதினோரு வருஷம் மதுரையில் நர்ஸாக இருந்துவிட்டு இங்கே உதவியாளர் வேலைதானே செய்கிறேன். ஆனால் என் காகிதம் ஒருநாள் வந்து சேரும். நீங்களே பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் வாங்கி அனுப்பினீர்கள். அவருக்கு அப்படிப் போய் நிற்க ஒரு அப்பா அங்கே இல்லை.

இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐஸ்லாந்துக்காரருக்கு நிலம் கிடைத்தது, சேர்ந்து வாழக் கரை கிடைத்தது. பெரியம்மைத் தடை நீங்கிய அதே 1877ல் சொந்தமாக அச்சு இயந்திரம் வைத்து 'ஃப்ரம்ஃபாரி' என்று பத்திரிகை போட்டார்கள்! தங்கள் ஊருக்குத் தாங்களே சட்டம் எழுதி ஆண்டார்கள். நிறமும் மதமும் அவர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. ஒரு தலைமுறையில் ஆங்கிலம் பேசிவிட்டால் கூட்டத்தில் கலந்துவிடலாம். அதே காலத்தில் நம் நாட்டவர் வந்த கோமகட்டா மாரு கப்பலை 1914ல் வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆப்கானியருக்கு இன்று நிலம் இல்லை, அரசு ஏற்பாட்டில் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி செலவில்லை, குழந்தைகளுக்கு மாதத் தொகை உண்டு, பள்ளிக்கூடம் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் வீட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. காபூலில் இருந்திருந்தால் ஆறாம் வகுப்போடு சரி. 2022 டிசம்பரில் தாலிபான் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தையும் மூடிவிட்டார்கள். அவள் வந்து இறங்கிய சில வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அன்று அடுப்பில் வைத்த ரொட்டியை மறந்து அழுதாராம். இப்போது வீட்டில் ஆங்கிலம் நன்றாகப் பேசுவது அவள்தான். வீட்டுச் சொந்தக்காரரிடம், கிளினிக்கில், பாங்கில் எல்லாம் அவளே பேசுகிறாள். தாயின் வயிற்று வலியை டாக்டரிடம் மகள் சொல்லும்போது சில கேள்விகளை அவள் மொழிபெயர்க்காமல் விட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வயதுக்கு அது பெரிய பாரம். அதனால் போன மாதத்திலிருந்து கிளினிக்குக்கு நான் கூடப் போகிறேன். எனக்கு உருது கொஞ்சம், அக்காவுக்கும் பாகிஸ்தானில் கற்றது கொஞ்சம்.

இவர்களைப் பற்றி பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது அதே தெருவில்தான் மாடியில் வாடகைக்கு இருந்தார்களாம். வாசல் எதிரே ஒரு எல்ம் மரம் உண்டாம், அதன் அடியில் உட்கார்ந்துதான் அவருடைய அம்மா அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாராம். மரம் இன்னும் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். தெருவில் பெரிய மரங்கள் நிறைய நிற்கின்றன, அவர் சொல்வது எது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பணம் இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்துவிடும். தம்பி பரீட்சைக் கட்டணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கம். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பதில் எழுதச் சொல்லுங்கள். அம்மாவிடம் பருப்புப்பொடி மட்டும் போதும் என்று சொல்லுங்கள், ஊறுகாய் பார்சலில் கசிகிறது.

உங்கள் அன்பு மகள்