கைதடியில் விட்டுவந்த காரின் ஹாண்டில்

கொக்குவில்,
2025 ஒக்ரோபர் 1

அன்பு மகனுக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டுமென்று வல்லிபுர ஆழ்வாரை வேண்டிக்கொண்டு வந்தேன். இதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் பாதியில் அறுந்துவிடும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஓர் அனுமதியும் கேட்கப்போகிறேன். ஆகையால் பொறுமையாக வாசி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் பிள்ளைகளோடு வான் ஒன்று பிடித்து வல்லிபுரக் கோயிலுக்குப் போனேன். திருவிழாக் காலம் என்பதால் விடியமுன்னரே புறப்பட்டு, வெயில் ஏற முன்னர் பூசை பார்த்துத் திரும்பினோம். வரும் வழியில், பருத்தித்துறை வீதியில் வல்லைவெளியைக் கடந்து புத்தூர்ப் பக்கம் வரும்போது, வீதியோரத்து வளவு ஒன்றில் மாமர நிழலிலும் தகரக் கொட்டிலிலுமாகப் பழைய கார்கள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். போகும்போது இருட்டில் கண்ணில் படவில்லை. வான் அந்த இடத்தைக் கடந்து போய்விட்டது. அந்த வரிசையின் கடைசியில் நின்ற காரின் உருண்ட முதுகு என் கண்ணை விட்டுப் போகாததால், வெட்கத்தை விட்டு வானைத் திருப்பச் சொன்னேன்.

அங்கே ஒன்பது கார்கள் நின்றன. மொறிஸ் மைனர் மூன்று, ஒஸ்ரின் கேம்பிறிஜ் இரண்டு, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஒன்று, ஹில்மன் ஒன்று, கதவில்லாத ஒரு ஃபொக்ஸ்வாகன், கடைசியில் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட். வளவுக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. அவருடைய தகப்பனாரும் மெக்கானிக்காக இருந்தவராம். 2020 இல் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய பின்னர், சனங்கள் பழைய காரைக்கூட இரும்புக்கு விற்க மனமில்லாமல் திருத்தக் கொண்டுவந்தார்களாம். திருத்தக் கொண்டுவந்து திரும்பி வராதவர்களின் கார்களையும், தானே விலைக்கு வாங்கியவற்றையும் சேர்த்து இந்த வரிசையை உண்டாக்கியிருக்கிறார்.

முதலில் அவர் எனக்கு மொறிஸ் மைனரின் பம்பரைக் காட்டினார். அதன் நடுவில் ஒட்டுப்போட்டதுபோல ஒரு துண்டு இருக்கிறது. அந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரிக் காரின் தோற்றம் ஒடுக்கமாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் அதை நடுவால் அறுத்து, நாலு அங்குலம் அகட்டி வைத்துப் பார்த்தாராம். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்துவிட்டதால், அவற்றையும் நடுவில் வெட்டி இடையில் ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள். என் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையில் நின்ற தபாலதிபரின் மைனரில் நான் எத்தனையோ நாள் சாய்ந்து நின்றிருக்கிறேன். அது ஏதோ அடிபட்டு ஒட்டிய பம்பர் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

ஒக்ஸ்போர்டைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. நீ சென்னையில் படித்த காலத்தில் நான் வந்தபோது விமான நிலையத்திலிருந்து அம்பாசடர் காரில் போனோமல்லவா? அந்த அம்பாசடர் இந்த மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைக் காரேதான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள உத்தரபாராவில் 2014 வரை அதைச் செய்துகொண்டேயிருந்தது. இங்கிலாந்து கைவிட்ட காரை அவர்கள் செய்து காப்பாற்றினார்கள் என்றால், இங்கே எங்களவர்கள் திருத்தியே காப்பாற்றினார்கள். அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லையென்று புதிய கார் வருவது ஏறக்குறைய நின்றுபோய், 1977 க்குப் பிறகு யப்பான் கார்கள் வரும்வரையில், இருந்ததை ஓட்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

இலக்கத் தகடுகளைப் பார்த்தே ஒரு சரித்திரம் சொல்லலாம், மகன். 1957 க்கு முந்தைய கார்களில் சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள் இருக்கும். அதற்குப் பிந்தியவற்றில் சிங்கள ஸ்ரீ இருக்கும். அந்த ஒற்றை எழுத்துக்காகத் தமிழரசுக் கட்சியினர் போராட்டம் நடத்தியதையும், சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டியவர்கள் சிறைக்குப் போனதையும் உன் அம்மப்பா சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அந்த வளவில் ஒரு கேம்பிறிஜின் பின் தகட்டில், சிங்கள எழுத்துக்கு மேலே பூசிய தார் இன்னும் திட்டாகக் கிடக்கிறது. அதைச் சுரண்டாமல் விட்டிருக்கும் அந்தத் தம்பியை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இனிச் சோமர்செட்டுக்கு வருகிறேன்.

பொனற்றின் நுனியில் பறப்பதுபோலச் சாய்ந்து நிற்கும் அந்த 'ஏ' எழுத்து, ஸ்ரியறிங்கோடு ஒட்டிய கியர்த் தடி, முன்னால் மூன்று பேர் நெருக்கியிருக்கக்கூடிய நீள ஆசனம் எல்லாம் எங்கள் காரில் இருந்தபடியே இருந்தன. நிறமும் அதே சாம்பல்தான். ஒரு கணம் நெஞ்சு அடைத்துவிட்டது. ஓடிப்போய் இலக்கத்தைப் பார்த்தேன். அது எங்களுடைய கார் அன்று. எங்களுடையது இ.வை. என்று தொடங்கும், இது இ.எல். அப்படியிருந்தும் நான் மனம் கேட்காமல் சாரதிப் பக்கக் கதவின் உள்புறத்தைத் தடவிப் பார்த்தேன். நீ மூன்று வயதில் ஆணியால் கீறிய கோடு அங்கே இருக்கவில்லை.

உன் அப்பா அந்தக் காரை 1979 இல், ஓய்வுபெற்ற ஒரு லிகிதரிடம் வாங்கினார். அப்போதே அது இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார். யப்பான் கார் வாங்கக்கூடிய காலத்தில் இதை ஏன் வாங்கினீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டது உண்டு. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, பெற்றோலும் பற்றறியும் யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாது என்று தடைபோட்ட பிறகுதான் அந்தக் காரின் அருமை எனக்குத் தெரிந்தது. இந்தப் பழைய இங்கிலிஷ் எஞ்சின்களில் காற்றும் எரிபொருளும் அதிகம் அழுத்தப்படுவதில்லை. அதனால் மண்ணெண்ணெயைக்கூட அவை சமாளித்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆகவே முதலில் சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோல் கிடைத்தால் அது மருந்துபோல ஒரு சின்னப் போத்தலில் கிடைக்கும். அப்பா அந்தப் போத்தலைச் சாமி அறையில் வைத்திருந்தார். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும் என்று அடிக்கடி ஒயிலைத் தொட்டு, இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார். அந்த ஒயில் கறை அவருடைய விரல் ரேகையில் கடைசிவரை இருந்தது.

இருந்த பழைய பற்றறிக்கு எஞ்சினைச் சுழற்றப் பலமில்லாதபடியால் காரை ஸ்ரார்ட் பண்ண ஹாண்டில் ஒன்றே வழி. பம்பருக்குக் கீழேயுள்ள ஓட்டைக்குள்ளால் அதை விட்டு, முனையில் குறுக்கே இருக்கும் ஆணியை எஞ்சினின் பல்லில் கொழுவி, கீழிருந்து மேலே ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். பெருவிரலை மறுபக்கமாகச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறிந்துவிடும். நீ பிறந்த இரவு, 1991 மார்கழியில், நோவோடு நான் முன் ஆசனத்தில் சாய்ந்திருக்க, விமானத்துக்குப் பயந்து விளக்கும் போடாமல் அப்பா ஹாண்டிலை இழுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ எஞ்சின் பிடித்தது. அந்த மண்ணெண்ணெய்ப் புகை மணத்தோடுதான் நான் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் குப்பி விளக்கை ஏற்றினால் எனக்கு உன் பிறந்தநாள்தான் நினைவுக்கு வரும்.

இராணுவம் நெருங்கி வர, சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவைப் பற்றி உனக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நீயும் அந்தக் காருக்குள்தான் இருந்தாய். மழை. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நடந்துகொண்டிருந்தது. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஓர் இரவு பிடித்தது. காருக்குள் நாங்கள் மாத்திரமல்ல, அயலில் நடக்கமுடியாத கிழவிகள் மூவரும் இருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து போனதில் எஞ்சின் கொதித்து, மண்ணெண்ணெயும் தீர்ந்து, கைதடியில் கார் நின்றுவிட்டது. வேலி ஓரமாகத் தள்ளி விட்டுவிட்டு நடந்தோம். அப்பா ஒரு கையில் உன்னைத் தூக்கிக்கொண்டார்; மறு கையில் ஹாண்டிலை எடுத்துக்கொண்டார். உடுப்புப் பெட்டியை எடுக்காமல் இந்த இரும்பை ஏன் சுமக்கிறீர்கள் என்று நான் அழுதேன். "இது இல்லாமல் வேறு ஒருவரும் அவளை எடுக்கேலாது. நாளைக்கு வந்து எடுத்துவிடலாம்" என்றார்.

1996 சித்திரையில் திரும்பி வரும்போது அந்த வேலி ஓரத்தில் கார் இல்லை. யார் கொண்டுபோனார்கள், எப்படிக் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்பா வேறு கார் வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வருடம், எந்த வீதியில் ஏ-40 வந்தாலும் நின்று இலக்கம் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். போரெல்லாம் முடிந்து முதன்முதலாகப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் நாங்கள் போனபோது, சனங்கள் விட்டுச்சென்ற உழவு இயந்திரங்களும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த இடங்களில் பஸ்ஸின் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தபடி வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன்; ஒன்றும் கேட்கவில்லை.

வளவுக்காரத் தம்பிக்கு இவ்வளவும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். சோமர்செட்டின் எஞ்சினை முழுவதும் பிரித்துச் செய்து முடித்துவிட்டாராம். பற்றறி வைத்து ஸ்ரார்ட் பண்ணியும் காட்டினார், 1200 சீ.சீ. எஞ்சின் தையல் மெஷின்போல ஓடியது. 2022 இல் நாங்களெல்லாம் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, அவருடைய தகப்பனார் படுக்கையில் இருந்தபடியே மண்ணெண்ணெய்க்கு எஞ்சினை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். மண்ணெண்ணெயும் அப்போது கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கைவேலை ஒரு தலைமுறை கடந்து வந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் காரில் அவரிடம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்று. ஹாண்டில். கொழும்பிலும் கேட்டுப் பார்த்தாராம், நீளம் சரியாக அமையவில்லையாம்.

நான் அங்கே ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, மகனிடம் கேட்க வேண்டும் என்று மாத்திரம் சொல்லி வந்தேன். அப்பாவின் பொருள்களில் அதை ஒன்றைத்தான் நீ கனடாவுக்குக் கொண்டுபோகக் கேட்டாய். விமானத்தில் இரும்பு ஏற்ற விடமாட்டார்கள் என்று நான்தான் மறித்தேன். ஆகவே அது உன்னுடையது. அந்தத் தம்பிக்கு அதைக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். அது விற்பனைக்கு அல்ல, அந்தச் சோமர்செட்டோடேயே இருக்க வேண்டும், நீ அடுத்த வருடம் பேத்தியோடு வரும்போது அதைக் கொழுவி ஒருதரம் ஸ்ரார்ட் பண்ணிப் பார்க்கவிட வேண்டும் என்று மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுப்பேன். உனக்கு மனமில்லையென்றால் ஒளிக்காமல் சொல். எனக்குத் துளியும் குறையில்லை; அது சாமி அறையில் அலுமாரிக்குப் பின்னால், அப்பா சாத்திவைத்த இடத்திலேயே இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும்போது பதிலைச் சொல். நேற்று அதை வெளியே எடுத்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். வளைவுகளில் துரு ஏறியிருக்கிறது. கைபிடிக்கும் இடம் மாத்திரம் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா