தொப்பைக்குத் தீனி மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

தொப்பை என்றாலே 'வாயைக் கட்டு' என்று உங்கள் நலப் பக்கமும் சொல்கிறது. மூட்டுவாதத்துக்காக நெடுநாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட என் அம்மாவுக்குக் கைகால் மெலிந்தன. வயிறும் முகமும் மட்டும் உப்பின. அந்த மாத்திரை, மன அழுத்தத்தில் அட்ரினல் சுரப்பி விடுகிற கார்டிசோல் என்ற ஹார்மோனின் நெருங்கிய சொந்தம். கார்டிசோலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் குடலைச் சுற்றிய கொழுப்பில், தோலடிக் கொழுப்பைவிட அதிகம்; அதனால் அது மிஞ்சினால் கொழுப்பு அங்கே சேர்கிறது. கார்டிசோல் பசியையும் கிளப்பிவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் விவரித்த, கார்டிசோல் மிஞ்சும் நோயிலும் இதே உடல்வாகுதான்.

சரி, எல்லாத் தொப்பைக்கும் கவலையே காரணம் என்று சொல்ல வரவில்லை. அன்றாட அழுத்தம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் இரவில் இறங்க வேண்டிய கார்டிசோல், தூக்கம் கெட்டால் சரியாக இறங்குவதில்லை. கலோரிக் கணக்கோடு தூக்கத்தைப் பற்றியும் எழுதுங்கள். அப்புறம், 'கார்டிசோலைக் குறைக்கும் பொடி' விளம்பரத்தை அதே பக்கத்தில் போடாதீர்கள்.

— ஒரு வாசகி